பிளாட்டோவும் தல்மூதும் ஒரே கூரையின் கீழ்: கல்லூரி தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெருசலேமில் ஷாலேம் கல்லூரி 2013-இல் திறந்ததைப் பார்த்து, யூத மரபையும் மேற்கத்தியச் சிந்தனையையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரி ஒன்றை நாமும் தொடங்கலாம் என்று பாடத்திட்டத்தோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல ஆசைதான். ஆனால் தாளைப் பிரித்தால், எங்கள் குழு ஒரு காலத்தில் அடித்த அதே கூத்து. பணம் போதாது, அனுமதி தாமதமாகும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன்.

நடுவே கோடு போட்ட பாடத்திட்டம்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இடப்பக்கம் யூத நூல்கள், வலப்பக்கம் மேற்கத்திய நூல்கள், இரண்டுக்கும் சம மணிநேரம். பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி. பிறகு கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு துறை, அந்தப்பக்கம் ஒரு துறை, இரண்டு தலைவர்கள், நிரந்தர நியமனங்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், காலை வகுப்பில் அரிஸ்டாட்டில்: உலகுக்குத் தொடக்கமே இல்லை என்ற வாதம். மதியம் எதிர் அறையில் யூதத் தத்துவஞானி மைமோனிடிஸ்: 'குழம்பியோருக்கு வழிகாட்டி' என்ற தன் நூலின் 2-ஆம் பாகத்தில் அதே வாதத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார். காலை ஆசிரியருக்கு மதியம் என்ன நடக்கிறதென்று தெரியாது. மதிய ஆசிரியரோ அரிஸ்டாட்டிலை இரண்டு வரியில் முடித்துவிடுவார். தேர்வில் இருவரையும் சேர்த்து ஒரு கேள்வி வந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், இது எந்தப் பாடத்துக்கான கேள்வி?" என்றாள். அவள் மேல் தப்பே இல்லை.

மைமோனிடிஸ் 12-ஆம் நூற்றாண்டு எகிப்தில், அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியவர். அரிஸ்டாட்டில் அவருக்குக் கிடைத்தது அரபு மொழிபெயர்ப்புகள் வழியாகவும் இஸ்லாமியத் தத்துவஞானி அல் ஃபராபி வழியாகவும். அடுத்த நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 'ரபி மோசே' (ரபி என்றால் யூத மத ஆசிரியர்) என்று பெயர் சொல்லி அவரோடு வாதாடுகிறார். இவரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? ஆங்கிலேயத் தத்துவஞானி ஹாப்ஸின் லெவியதான் என்ற அரசியல் நூலுக்கும் இதே கதி. அதில் 4 பாகங்கள். அரசியல் வகுப்பு பெரும்பாலும் முதல் 2 பாகங்களோடு மூடிவிடும். வேதாகமத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசும் மற்ற இரண்டையும் யூதத் துறையும் தொடாது.

1925-இல் திறந்த எபிரேயப் பல்கலைக்கழகத்திலேயே யூத வரலாற்றுக்கு ஒரு துறை, பொது வரலாற்றுக்கு ஒரு துறை என்று பிரிந்துதான் வளர்ந்தது. அவ்வளவு பெரிய இடம் அதைத் தாங்கும். ஒரு வேனில் அடங்கும் ஆசிரியர்களோடு தொடங்கும் கல்லூரி தாங்காது. பிறகு கோட்டை அழிக்கப் போனால் ஒவ்வொரு துறையும் தன் மணிநேரத்துக்குக் காவல் நிற்கும். நியமன ஆணை வாங்கியவரை அசைக்க முடியாது.

அமெரிக்காவின் அன்னாபொலிஸில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1937-இல் துறைகளையே ஒழித்தது. ஆசிரியர்கள் தங்கள் துறைக்கு வெளியிலும் பாடம் எடுத்தார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், முதல் நியமனங்களைத் துறையின் பெயரில் போடாதீர்கள். "சட்டத்துக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும்?" என்று ஒரு பருவம் முழுக்க ஒரே கேள்வி வையுங்கள். வேதாகமத்தின் உபாகமம், சிறையில் சாக்ரடீஸ் பேசும் பிளாட்டோவின் கிரிட்டோ, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் வானத்துக் குரலையே ரபிகள் மறுக்கும் அக்நாய் அடுப்பு விவாதம், ஹாப்ஸ், எல்லாம் தானாக ஒரே மேசைக்கு வரும்.

மாணவரின் வயது

இஸ்ரேலில் பெரும்பாலோர் ராணுவச் சேவை முடித்து 21, 22 வயதில்தான் வருகிறார்கள். அங்கே மற்றக் கல்லூரிகளில் இளங்கலை பொதுவாக 3 ஆண்டு. ஷாலேம் போல நீங்கள் 4 கேட்டால், கூடுதல் ஆண்டுக்கான உதவித்தொகையைத் திரட்டிவிட்டுச் சேர்க்கையை அறிவியுங்கள். அமெரிக்காவின் 18 வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய கையேடும் இங்கே உதவாது. போரைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பண்டைய கிரேக்கப் போர் வரலாற்றாசிரியர் துசிடிடீஸை நடத்தும் ஆசிரியர் கொஞ்சம் குறைவாகப் பேசுவது நல்லது.

யெஷிவாவில் படித்தவர்களைத் தனியே அமர்த்துவது

யெஷிவா என்பது தல்மூது கற்பிக்கும் யூத மதப் பள்ளி. அங்கே ஹவ்ருத்தா என்பது இருவர் சேர்ந்து உரக்கப் படித்து வாதாடும் முறை. தல்மூதில் ஊறியவரோடு அதைத் திறந்தே பார்க்காதவரைச் சேர்த்து உட்காரவையுங்கள். பிளாட்டோவுக்கும் அதே ஜோடி. முதல் மாதம் சத்தம் அதிகமாக இருக்கும், பரவாயில்லை.

அங்கீகாரத்துக்கு முன் விளம்பரம்

ஷாலேம் 1994 முதல் ஆய்வு மையமாக இருந்துவிட்டுத்தான் கல்லூரியானது. உயர்கல்விக் குழுவின் கடிதம் கைக்கு வரும்வரை ஒருவரையும் சேர்க்காதீர்கள்.

கட்டடம்

வாடகைக்கு எடுங்கள்.

நன்கொடையாளர் தரும் நூல் பட்டியல்

நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.