எக்ஸ்பியை மறுபடி போட்டாலும் ஆக்டிவேஷன் போகாமல் வைத்துக்கொள்வது

பழைய லேத், லேப் கருவிகளோடு இணைந்த கம்ப்யூட்டர்களில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. அவற்றை ஃபார்மேட் செய்யும் முன் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் 'டபிள்யூபிஏ.டிபிஎல்' ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுவேன். ஆக்டிவேஷன் விவரம், அதாவது இந்தக் காப்பி அசல்தான் என்று மைக்ரோசாஃப்ட் சரிபார்த்த பதிவு, அதில்தான் இருக்கிறது.

அதே பதிப்பை, அதே ப்ராடக்ட் கீயோடு (இன்ஸ்டால் செய்யும்போது கேட்கும் எண்) போட வேண்டும். கீ மாறினால் இந்த ஃபைல் செல்லாது. ஆக்டிவேஷன் கேட்டால் பிறகு என்று தள்ளிவிடுங்கள், 30 நாள் அவகாசம் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் (அடிப்படை வசதிகள் மட்டும் ஓடும் நிலை) போய், புது ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் பழையதை அங்கே வைத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஆக்டிவேஷனுக்காக எக்ஸ்பி பார்ப்பது 10 வன்பொருள் அடையாளங்களை. ஃபார்மேட்டில் மாறுவது ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனின் வரிசை எண் ஒன்றுதான், அதனால் ஏற்றுக்கொள்கிறது. நெட்வொர்க் கார்டு அதேதான் என்றால் மற்றவற்றில் 5 வரை மாறலாம். கார்டும் மாறினால், அதையும் சேர்த்து 4 மாறினாலே மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். மதர்போர்டை மாற்றுகையில் சிக்குவது இதனால்தான்: லேன், அதாவது நெட்வொர்க் கார்டு, போர்டிலேயே இருக்கிறது. போர்டு நன்றாக இருந்து கடிகாரம் மட்டும் பின்னால் போனால், போர்டை மாற்றாமல் முதலில் அதிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள்.