பரணை இறக்கும்போது எதை வைத்துக்கொள்வது?

முழுப் பரணையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் கூடம் நிறைந்துவிடும், அலுப்பில் எல்லாம் அப்படியே திரும்ப மேலேறும். ஒரு தடவைக்கு மூன்றடி அகலம், இரண்டு மணி நேரம் போதும். போகிக்கு முந்தின நாள் ஆரம்பிப்பது இன்னும் மோசம். பழைய நோட்டுகளோடு பத்திரமும் போய்விடும்.

மனசு ஒட்டாதவற்றை முதலில் கழியுங்கள்: மூடி தொலைந்த டப்பா, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, தெர்மகோல், ஓடாத மேசை விசிறி. போட்டோ ஆல்பத்தை முதலில் திறந்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது பித்தளை. பாட்டி பெயர் வெட்டியிருக்கிறது என்பதற்காக ஆறு குடத்தையும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெட்டு தெளிவாக இருக்கும் ஒன்றை, ஒரு கையால் தூக்கிப் புழங்கக்கூடியதாகப் பார்த்து, பூஜை அலமாரிக்குக் கொண்டு வாருங்கள். பரணிலேயே கிடந்தால் களிம்புதான் ஏறும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவியதும் ஈரம் போகத் துடைப்பது முக்கியம், இல்லாவிட்டால் மறுநாளே கறுக்கும். சமைக்க எடுப்பதானால் ஈயம் பூசியாக வேண்டும். மிச்சத்தைப் படம் பிடித்து உடன்பிறந்தவர்களுக்கு அனுப்பி, 15 நாள் கெடு வையுங்கள். யாரும் கேட்காததைக் கடையில் போடும் முன் வீட்டிலேயே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவைகளில் அதிகம் கெடுவது கட்டாமல் பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்தவைதான். உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுத்துவிடும். பழைய மடிப்பிலேயே வருஷக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில் இழை விட்டுவிடும். நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, ஜரிகை உள்பக்கம் வரும்படி வேறு இடத்தில் மடித்து, வெளுத்த வேட்டித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது. மடிப்பெல்லாம் கிழிந்த புடவையா? முந்தானையை மட்டும் வெட்டிச் சட்டம் போடலாம். அதை வெட்டத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மூட்டையில் கிழிவதைவிடச் சுவரில் இருப்பது மேல்.

பசை ஏடு ஆல்பத்தில் ஒட்டிப்போன போட்டோவை நகத்தால் கிளப்பாதீர்கள், மூலை மடிந்து படம் வெடிக்கும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் அடியில் விட்டு, ரம்பம் போல மெல்ல இழுங்கள். வராவிட்டால் ஏட்டோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியதைத் தொடவே வேண்டாம், கண்ணாடியோடு படம் எடுக்கலாம்.

வீட்டில் ஆளுக்கு ஒரு ட்ரங்குப் பெட்டி. அதற்குள் என்ன வைப்பது என்பது அவரவர் இஷ்டம். மூடி மூடவில்லையென்றால் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று. அம்மாவின் பெட்டியை அம்மா ஊரில் இல்லாதபோது திறக்காதீர்கள், சண்டை அதில்தான் வரும். முடிவெடுக்க முடியாதவற்றை ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, வெளியே பட்டியலும் தேதியும் எழுதி ஒட்டி, பரணின் முன்வரிசையில் வையுங்கள். பின்னால் தள்ளினால் அடுத்த வெள்ளையடிப்பு வரை யாரும் பார்க்கமாட்டார்கள்.