சிங்கப்பூரில் முதல் ஊழியருக்குச் சம்பளம்: கணக்கை வெளியே ஒப்படைப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இயங்கும் ஒரு சிறு நிறுவனம் சிங்கப்பூரில் துணை நிறுவனம் தொடங்கி இரண்டு மூன்று பேரை வேலைக்கு அமர்த்தும்போது, சம்பளக் கணக்கை அங்குள்ள ஒரு பேரோல் நிறுவனத்திடம் ஒப்படைப்பது வழக்கம். அது நல்ல முடிவுதான். ஆனால் ஒப்படைக்க முடிவது கணக்குப் போடும் வேலையை மட்டுமே. தவணை தவறினால் ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பை நிர்வகிக்கும் மத்திய சேம நிதிக் கழகமும் வரித் துறையான உள்நாட்டு வருவாய் ஆணையமும் விளக்கம் கேட்கப்போவது முதலாளியாகிய உங்களிடம்தான். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இந்தக் கணக்கின் அடிப்படையை நீங்களே புரிந்துகொள்வது அவசியம்.

படி 1: எது மாதக் கடமை, எது ஆண்டுக் கடமை என்று பிரித்தறியுங்கள்

இந்தியாவில் சம்பளத்திலேயே வருமான வரியைப் பிடித்து அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிப் பழகியவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூரில் பொதுவாக மாதச் சம்பளத்திலிருந்து முதலாளி வருமான வரி பிடிப்பதில்லை. ஊழியரே ஆண்டுக்கு ஒரு முறை கணக்குக் காட்டித் தம் வரியைக் கட்டுகிறார். முந்தைய ஆண்டில் கொடுத்த சம்பளம், போனஸ், படிகள் ஆகியவற்றை ஐஆர்8ஏ படிவத்தில் எழுதி மார்ச் 1ஆம் தேதிக்குள் ஊழியரிடம் தருவது முதலாளியின் கடமை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்தால், அந்த விவரங்களை மின்னியல் வழியாக ஆணையத்துக்கே நேரடியாக அனுப்ப வேண்டும்.

மாதந்தோறும் கட்ட வேண்டியவை வேறு: சிபிஎஃப் என்று எல்லோரும் சொல்லும் மத்திய சேம நிதி, தொழிலாளர் பயிற்சிக்காக வசூலிக்கப்படும் திறன் மேம்பாட்டுத் தீர்வை, அந்தந்த இனச் சமூகத்துக்கு உதவும் சமூக சுய உதவி அமைப்புகளுக்கான சந்தா. பேரோல் வேலையின் பெரும்பகுதி இந்த மூன்றிலும்தான் அடங்கியிருக்கிறது.

படி 2: ஒவ்வோர் ஊழியரும் எந்த வகை என்று எழுதி வையுங்கள்

சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் மாதச் சம்பளம் 50 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டினாலே சேம நிதி கட்ட வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டவருக்குச் சேம நிதி இல்லை. ஆனால் திறன் மேம்பாட்டுத் தீர்வை உண்டு. நிரந்தரவாசத் தகுதி புதிதாகப் பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த விகிதங்கள் பொருந்தும்: 55 வயதுக்குட்பட்டவரின் சம்பளம் மாதம் 750 வெள்ளிக்கு மேல் இருந்தால், முதல் ஆண்டில் முதலாளி 4 சதவீதமும் ஊழியர் 5 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் முறையே 9, 15 சதவீதமும் கட்டுகிறார்கள். ஆகவே பிறந்த தேதியையும் நிரந்தரவாசத் தகுதி கிடைத்த தேதியையும் பேரோல் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு தேதி தவறினாலும் அந்த ஊழியரின் கணக்கு மாதக்கணக்கில் தவறாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

படி 3: ஒரு மாதக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். முப்பது வயதுள்ள, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு சிங்கப்பூர்க் குடிமகனின் மாதச் சம்பளம் 5,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 வயது வரை ஊழியரின் பங்கு 20 சதவீதம், அதாவது 1,000 வெள்ளி. அது சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். முதலாளியின் பங்கு 17 சதவீதம், அதாவது 850 வெள்ளி; அது சம்பளத்துக்கு மேல் நீங்கள் தருவது. திறன் மேம்பாட்டுத் தீர்வை சம்பளத்தில் 0.25 சதவீதம் என்பதால் 12.50 வெள்ளி வர வேண்டும். ஆனால் அதற்கு 11.25 வெள்ளி என்ற உச்சவரம்பு இருப்பதால் அவ்வளவுதான் கட்ட வேண்டும். இதையும் முதலாளியே ஏற்க வேண்டும், ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. இந்தியச் சமூகத்துக்கான சிண்டா அமைப்புக்கு இந்தச் சம்பள நிலையில் 9 வெள்ளி ஊழியரிடமிருந்து பிடிக்கப்படும்.

ஆக, ஊழியரின் கைக்கு 3,991 வெள்ளி போகும். சேம நிதிக் கழகத்துக்குச் சேம நிதியின் இரு பங்குகள், தீர்வை, சிண்டா சந்தா எல்லாம் சேர்த்து 1,870.25 வெள்ளி போகும். உங்கள் மொத்தச் செலவு 5,861.25 வெள்ளி. சம்பளம் 5,000 என்று மட்டும் நினைத்து ஆண்டுத் திட்டம் போட்டவர்கள், அந்த 861.25 வெள்ளியைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

சம்பளம் உயர உயரச் சேம நிதியும் உயர்ந்துகொண்டே போகாது. சேம நிதிக்கு உட்படும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2025இல் 7,400 வெள்ளியாக இருந்தது. 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளி. போனஸுக்கு வேறு வரம்பு உண்டு: 102,000 வெள்ளியிலிருந்து, அந்த ஆண்டில் சேம நிதிக்கு உட்பட்ட மாதச் சம்பளங்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதே அது.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் தமிழ்நாட்டிலிருந்து போகும் ஊழியருக்குச் சேம நிதி இல்லை என்பதால் பிடித்தமே இல்லை என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். சிண்டா சந்தா அவருக்கும் பொருந்தும். சந்தா செலுத்த விரும்பாதவர் விலக்குக் கேட்டு அமைப்புக்கே எழுத வேண்டும். முதலாளி தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

படி 4: ஒப்பந்தத்தில் எதைக் கேட்க வேண்டும்

விலையை விட முக்கியமான கேள்வி, பணம் யார் கணக்கு வழியாகப் போகிறது என்பது. பேரோல் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மொத்தத் தொகையை அனுப்பி, அவர்கள் பிரித்துக் கட்டும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் கணக்குப் போட்டுத் தரட்டும். சேம நிதிக் கழகத்துக்கு உங்கள் துணை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகவே தொகை செல்லட்டும். இடையில் இருப்பவருக்குப் பணமுடை வந்தாலும் உங்கள் ஊழியரின் சேமிப்பு பாதிக்கப்படாது.

தாமதத்தால் வரும் வட்டியை யார் ஏற்பது, விகிதங்கள் மாறும்போது யார் எப்போது திருத்துவது, ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவுகளை எந்த வடிவில் எத்தனை நாளில் திருப்பித் தருவது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பள விவரங்கள் தனிநபர் தரவுகள் என்பதால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது என்பதையும் ஒப்பந்தம் குறிப்பிட வேண்டும்.

படி 5: அதிகாரம் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்

அரசு இணையச் சேவைகளுக்குள் நிறுவனங்கள் நுழையும் வழி கார்ப்பாஸ். அதில் குறிப்பிட்ட சேவைகளுக்கு மட்டும் வெளி நிறுவனம் ஒன்றுக்கு அதிகாரம் அளிக்க முடியும். அப்படியே செய்யுங்கள். இயக்குநரின் தனிப்பட்ட அரசு இணைய அடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லை யாருக்கும் அனுப்ப வேண்டிய தேவை எந்தச் சூழ்நிலையிலும் இல்லை.

படி 6: மாதச் சுழற்சியை நாட்காட்டியில் பதியுங்கள்

சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் போய்ச் சேர வேண்டும். விவரமான சம்பளச் சீட்டைச் சம்பளத்துடனோ அதற்குப் பிந்திய 3 வேலை நாட்களுக்குள்ளோ தர வேண்டும். சேம நிதி மாதத்தின் கடைசி நாளிலேயே கட்ட வேண்டிய தொகை. அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. இந்திய நேரத்துக்கும் சிங்கப்பூர் நேரத்துக்கும் இரண்டரை மணி வேறுபாடு இருப்பதாலும், இந்திய வங்கி விடுமுறைகள் அங்கே பொருந்தாததாலும், தாய் நிறுவனத்திலிருந்து பணம் அனுப்பும் நாளை 14ஆம் தேதிக்கு வெகு முன்னதாகவே வையுங்கள். முதல் இரண்டு மாதங்களுக்குப் பேரோல் நிறுவனத்தின் அறிக்கையை உங்கள் கைக்கணக்குடன் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

படி 7: வெளிநாட்டு ஊழியர் விலகும்போது

மாதந்தோறும் வரி பிடிக்காத நாடு, வெளிநாட்டவர் விலகும் நேரத்தில் மட்டும் முதலாளியையே காவலுக்கு நிறுத்துகிறது. அவர் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஐஆர்21 படிவத்தை வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் விலகுவது தெரிந்த நாளிலிருந்து, கடைசிச் சம்பளம், விடுப்புக்கான பணம், போனஸ் உட்பட அவருக்குத் தர வேண்டிய தொகை அனைத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். அவர் கட்ட வேண்டிய வரியை ஆணையம் கணக்கிட்டுச் சொன்ன பிறகு, அதைச் செலுத்திவிட்டு மிச்சத்தை அவரிடம் தரலாம். பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அந்த வரி உங்கள் தலையில் விழக்கூடும். விலகல் கடிதம் வந்த அன்றே பேரோல் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சம்பளம் ஏன் நிற்கிறது, எப்போது கிடைக்கும் என்று அந்த ஊழியரிடமும் அதே நாளில் நீங்களே விளக்கிவிடுங்கள். ஊர் திரும்பும் செலவுக்கு அவர் அந்தப் பணத்தை நம்பியிருக்கலாம்.