டெஸ்ட் ஆடுகளத்தை மதிப்பிடுவது எப்படி?

2008 டிசம்பரில் சென்னையில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்டில் 1,255 ரன்கள் குவிந்தன. 33 விக்கெட்டுகள் வீழ்ந்தன. 2022 மார்ச்சில் ராவல்பிண்டியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டில் 1,187 ரன்கள் வந்தபோது விழுந்தவை 14 விக்கெட்டுகளே. ரன்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஓர் ஆடுகளம் தரமானதா என்று அறிய விரும்புபவர் ஸ்கோர்பலகையை விட்டுவிட்டு, ஐந்து நாள்களில் அது எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் பந்தைவிட விக்கெட் கீப்பரின் கைகளைப் பாருங்கள். வேகப்பந்தை அவர் மார்பு உயரத்தில் பிடித்தால் ஆடுகளத்தில் உயிர் இருக்கிறது. முழங்காலருகே குனிந்து எடுத்தால், அல்லது மட்டையின் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்பை (கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டரை) எட்டும் முன்பே தரையில் விழுந்தால், வேகப்பந்து வீச்சாளரின் உழைப்பு வீணாகும். களிமண்ணை ஈரத்தோடு உருட்டி இறுக்கும்போது கிடைக்கும் கெட்டித்தன்மையே பவுன்ஸுக்கு, அதாவது தரையில் பட்ட பந்து எழுவதற்கு, அடிப்படை. புல்லின் வேர்கள் அந்த மண்ணைப் பிடித்து வைக்கின்றன. பொதுவாகச் செம்மண் ஆடுகளம் கூடுதல் எழுச்சியைத் தரும். கரிசல் மண் ஈரத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டு பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் அனுப்பும். பந்து காற்றில் வளைவதை மட்டும் ஆடுகளத்தின் கணக்கில் எழுதாதீர்கள். தரையில் பட்ட பிறகு விலகுவதே அதன் வேலை.

மூன்றாம் நாளிலிருந்து பார்வை வெடிப்புகளுக்கும் வீச்சாளர்களின் காலடித் தடங்களுக்கும் நகர வேண்டும். வெடிப்பைக் கண்டதும் ஆடுகளம் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். ஒரே லெங்த்தில், அதாவது மட்டையாளரிடமிருந்து ஒரே தூரத்தில், விழும் இரண்டு பந்துகளில் ஒன்று கணுக்காலிலும் மற்றொன்று தோளிலும் வந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும், ஏனெனில் சுழலைக் கால்நகர்வாலும் பொறுமையாலும் எதிர்கொள்ளலாம், நம்ப முடியாத எழுச்சியைத் திறமையால் வெல்வது அரிது. முதல் நாளே பந்து சுழல்வது குற்றம் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. முதல் நாள் சீம் ஆவதை (வேகப்பந்து தையலில் பட்டு விலகுவதை) யாரும் குற்றமாகச் சொல்வதில்லையே.

2024 ஜனவரியில் கேப்டவுனில் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் ஆடிய போட்டி 642 பந்துகளில் முடிந்தது. முடிவு கண்ட டெஸ்டுகளில் அதுவே மிகக் குறுகியது. அதிலும் தென்னாப்பிரிக்காவின் மார்க்ரம் 106 ரன்கள் எடுத்தார். அந்தச் சதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஆடுகளத்தை நியாயப்படுத்தாது. போட்டி நடுவர் அதைத் திருப்தியற்றது என்றே மதிப்பிட்டார். ராவல்பிண்டி ஆடுகளமும் சராசரிக்குக் கீழானது என்ற மதிப்பீட்டையே பெற்றது. பந்து வீச்சாளரை வதைக்கும் களமும் மட்டையாளரை வதைக்கும் களமும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பதால் இது நியாயமான தீர்ப்புதான்.

ஆடுகளத்தை உருட்டி அழுத்தும் ரோலரையும் மறக்க வேண்டாம். போட்டியின் முதல் இன்னிங்ஸ் நீங்கலாக ஒவ்வோர் இன்னிங்ஸுக்கு முன்பும், அடுத்தடுத்த நாள் ஆட்டம் தொடங்கும் முன்பும், மட்டை பிடிக்கும் அணியின் கேப்டன் கேட்டால் அதிகபட்சம் 7 நிமிடங்கள் உருட்டலாம். அதன் பலன் சிறிது நேரமே நீடிக்கக்கூடும் என்பதால், காலையின் முதல் அரை மணி நேரத்தை மட்டும் வைத்து ஆடுகளத்தைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

கடைசியாக நான்காவது இன்னிங்ஸைப் பாருங்கள். முதலில் சொன்ன 2008 சென்னை டெஸ்டில் இங்கிலாந்தின் ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். அதே போட்டியில் அறிமுகமான இங்கிலாந்து சுழற்பந்து வீச்சாளர் ஸ்வான் தம் முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட்டுகளை எடுத்தார். 387 ரன்கள் இலக்கை இந்தியா ஐந்தாம் நாளில் எட்டியபோது டெண்டுல்கர் 103 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். அன்று காலை எந்த அணி வெல்லும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் அந்த ஆடுகளம் இருந்தது.