அக்ரீஷன் டிஸ்க்கைப் பற்றிக் கதைக்கேக்க எங்கட பெடியள் விடுற பிழையள்

வன்னியில ஏ எல் பௌதிகம் படிக்கிற பிள்ளையளோட இரட்டை வெள்ளியளை, எண்டா ஒண்டையொண்டு சுத்துற ரெண்டு நட்சத்திரங்களைப் பற்றிக் கதைச்சா அநேகமா முதல் வாற பிழை, செங்குள்ளனில (சின்னச் சிவப்பு நட்சத்திரம்) இருந்து வழியிற வாயு நேர வெள்ளைக் குள்ளனில (எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தின்ர அடர்த்தியான மிச்சம்) போய் விழும் எண்டு நினைக்கிறதுதான். விழாது. ரெண்டு வெள்ளியும் ஒண்டையொண்டு சுத்திக்கொண்டு நிக்குதுகள், செங்குள்ளன் தன்ர ரோஷ் மடலை (தன்ர ஈர்ப்பால வாயுவைப் பிடிச்சு வைக்கேலுமான இடத்தை) நிரப்பினாப் பிறகு, ரெண்டு வெள்ளிக்கும் இடையில அந்த மடலின்ர வாசல் மாதிரி இருக்கிற எல் 1 புள்ளியால வாற வாயுவும் அந்தச் சுத்தலையும் கொண்டுதான் வரும், அந்தக் கோண உந்தம் (சுத்தலின்ர உந்தம்) எங்க போறது? அதால வாயு வளைஞ்சு போய் ஒரு வளையமாச் சுத்தும், பிறகு உள்பக்க வாயு தன்ர கோண உந்தத்தை வெளிப்பக்கத்துக்குக் குடுத்துக் குடுத்துத்தான் உள்ளுக்க இறங்கேலும், வாங்கினது வெளியால விரியும். அக்ரீஷன் டிஸ்க் எண்டுற இந்த வாயு வட்டு உண்டாகிறதே இப்பிடித்தான்.

குடுக்கிறது எப்பிடி எண்டு கேட்டா "உரசல்" எண்டு எழுதிப்போட்டு விட்டிடுவினம். சாதாரண வாயுவின்ர பாகுநிலை (உள் உரசல்) இதுக்குக் காணவே காணாது. 1973ல ஷாகுராவும் சுன்யாயெவும் பாகுநிலை எவ்வளவு எண்டு சொல்ல ஆல்ஃபா எண்டு ஒரு எண் வைச்சு வட்டின்ர மாதிரியைக் கட்டிச்சினம், ஆனா ஆல்ஃபா காரணம் இல்லை. காந்தப்புலத்தால வாயுவில வாற கொந்தளிப்புத்தான் காரணம் எண்டு 1991ல பால்பஸும் ஹாலியும் காட்டின பிறகுதான் விசயம் தெளிஞ்சது.

படம் கீறேக்க ஒரே நிறத்தில தட்டையாக் கீறாதேங்கோ. வெளி விளிம்பு சில ஆயிரம் கெல்வின், உள்பக்கம் பல பத்தாயிரம், வாயுத் தாரை வந்து மோதுற விளிம்பில தனியா ஒரு பிரகாசமான புள்ளி. கிரகணம் நடக்கிற சோடியளின்ர ஒளி வரைபைப் பாத்தா வெளிச்சம் படிப்படியா இறங்கும், வெள்ளைக் குள்ளன் மறையிறது ஒரு படி, அந்தப் புள்ளி மறையிறது மற்றப் படி. நிறமாலைக் கோட்டில ரெண்டு உச்சி தெரிஞ்சா அது ரெண்டு வெள்ளி எண்டு அவசரப்பட்டுச் சொல்லாதேங்கோ, வட்டின்ர ஒரு பக்கம் எங்களை நோக்கி வருது, மற்றப் பக்கம் விலகிப் போகுது, அதால கோடு ரெண்டு பக்கமும் நகருது, அதுதான்.

எனக்குப் பெரிய கவலை குறுநோவாவில, எண்டா இப்பிடியான சோடி இடைக்கிடை திடீரெண்டு பிரகாசமாகிறதில. திடீரெண்டு வெளிச்சம் கூடினா செங்குள்ளன் கூடுதலா வாயு அனுப்பிப்போட்டுது எண்டுவினம், இல்லாட்டி நோவா வெடிச்சிட்டுது எண்டுவினம். கனகராயன் ஆறு ஒரே அளவில வந்துகொண்டிருந்தாலும் இரணைமடுக் குளம் நிரம்பினாப் பிறகுதான் வான் பாயும், வட்டும் அப்பிடித்தான் சேர்த்து வைக்கும், சேர்ந்த வாயு சூடேறி ஐதரசன் அயனாகத் தொடங்கினவுடன பாகுநிலை சடாரெண்டு கூடும், வாயு உள்ளுக்க பாயும், வெளிச்சம் வரும். அப்பவும் வட்டு முழுக்க வத்தாது. நோவா வேற கதை, அது வெள்ளைக் குள்ளன்ர மேற்பரப்பில ஐதரசன் எரியிற அணுக்கரு வெடிப்பு. எஸ்எஸ் சிக்னி எண்டுற குறுநோவா சராசரியா 7 கிழமைக்கு ஒருக்கா 12ஆம் பருமனில இருந்து 8க்கு வரும் (பருமன் எண் குறையக் குறைய வெளிச்சம் கூட), மாரி மழை தொடங்க முதல், ஆவணி புரட்டாதி இரவில முல்லைத்தீவுக் கடற்கரை மாதிரி இருட்டான இடத்தில பைனாகுலரே காணும். ஒரு இரவு பாத்துப்போட்டுத் தெரியேல்லை எண்டு விட்டிடாதேங்கோ.

இன்னொண்டு, எல்லாச் சோடியிலயும் வட்டு இருக்கும் எண்டில்லை. ஏஎம் ஹெர்குலிஸ் எண்டுற சோடியில வெள்ளைக் குள்ளன்ர காந்தப்புலம் ஒரு கோடி கௌசுக்கும் (கௌஸ் காந்தப்புலத்தின்ர அலகு) மேல, அது வாயுவைப் பிடிச்சு நேர துருவத்துக்குக் கொண்டுபோயிடும், வட்டு உண்டாக இடமே இல்லை. அல்கோல் எண்டுற இரட்டை வெள்ளியில வாயுவை வாங்கிற வெள்ளி பெருசு எண்டபடியா தாரை நேர அதிலயே மோதிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியிற அல்கோல் 2.87 நாளைக்கு ஒருக்கா மங்கிறது கிரகணத்தால, வட்டால இல்லை.