கேமில் மழைச் சத்தம் அறுபட்டதைச் சரிசெய்த விதம்: என் அனுபவம்

கேம்களுக்கான ஒலி வடிவமைப்பில் முதுகலை படிக்கிறேன். புராஜெக்ட்டில் ஒரு மழைக் காட்சி. ஒலி எடிட்டரில் லூப் போட்டு (முடிந்ததும் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு) கேட்டால் சீராக இருந்த மழை, கேமுக்குள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கணம் அறுபட்டது.

கோடில் தேடிப் பயனில்லை. காரணம், மழை ஒலியைச் சேமித்திருந்த எம்பி3 வடிவம். அது ஒலியை 1,152 சாம்பிள் (ஒலி அலையின் ஒரு கணத்து அளவீடு) கொண்ட ஃபிரேம்களாக, அதாவது சம அளவுத் துண்டுகளாகச் சேமிக்கிறது. கடைசி ஃபிரேம் நிறையாவிட்டால் மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் என்கோடர் (எம்பி3 ஆக மாற்றும் மென்பொருள்) கொஞ்சம் மௌனம் சேர்க்கும். 44,100 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 சாம்பிள்) ஒரு ஃபிரேம் சுமார் 26 மில்லி செகண்ட். பாட்டு கேட்கும்போது இது தெரியவே தெரியாது. இடைவிடாத மழையில் காது உடனே பிடித்துவிடும்.

சுருக்கப்படாத மூல வேவ் (WAV) கோப்பிலிருந்து ஆக் வார்பிஸ் (Ogg Vorbis) என்ற வேறொரு ஒலி வடிவத்தில் எடுத்தேன், இடைவெளி போயிற்று. எம்பி3-ஐயே ஆக் ஆக மாற்றினால் அந்த மௌனமும் கூடவே வரும், கவனம்.

பிறகு மெல்லிய ‘டிக்’ ஒன்று மிஞ்சியது. லூப்பின் வாலை வெட்டி, தலையின் மேல் ஈக்வல் பவர் கிராஸ்ஃபேடாக (மொத்தச் சத்தம் மாறாதபடி ஒன்றைத் தணித்து மற்றதை ஏற்றும் முறை) படியவைத்ததும் அதுவும் அடங்கியது. மழை போன்ற ஒலிக்கு லீனியர் ஃபேட் (சீரான வேகத்தில் ஏற்றி இறக்குவது) வேண்டாம், நடுவில் சத்தம் தணியும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலைதான். ஒரே லூப்புக்குப் பதில் 17 விநாடி, 23 விநாடி என இரண்டை ஒன்றாக ஓடவிட்டேன். அதே சேர்க்கை திரும்ப 391 விநாடி ஆகும். தகரக் கூரையில் விழும் தனித் துளிகளை லூப்பிலிருந்து நீக்கி, தனிக் கோப்புகளாக்கி, இடைவெளியையும் பிட்ச்சையும் (சுருதி) சற்றே மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன். இப்போது லூப் எங்கே முடிகிறதென்று எனக்கே தெரிவதில்லை.