குறட்டை என்று நினைத்தது

மும்பையின் மாட்டுங்காவில் இறங்க வேண்டிய நான் லோக்கல் ரயிலில் உறங்கிப்போய், பல நிலையங்கள் தாண்டி முலுண்டில் கண்விழித்தது மூன்றாம் முறையாக நிகழ்ந்தபோதுதான், இரவில் என் குறட்டை திடீரென நின்று, பின் மூச்சுத்திணறலோடு மீண்டும் தொடங்குகிறது என்று மனைவி மாதக்கணக்கில் சொல்லிவந்ததைக் காதில் வாங்கிக்கொண்டேன். உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. ‘ஸ்லீப் ஆப்னியா’ எனும் இந்த உறக்க மூச்சுத்தடையில் 30-ஐத் தொட்டாலே தீவிர நிலையாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபட, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, மூளை ஒவ்வொரு முறையும் உடலை உசுப்பிவிடுவதால்தான் எட்டு மணி நேரம் படுத்தும் அலுப்பு தீரவில்லை. மாத்திரைக்கு அடங்காத என் ரத்த அழுத்தத்திலும் இதற்குப் பங்கிருக்கலாம் என்றார் மருத்துவர்.

இதற்குச் சிகிச்சையாக, உறங்கும்போது காற்றை அழுத்தத்தோடு செலுத்திக் காற்றுவழியைத் திறந்து வைக்கும் சீபேப் (CPAP) கருவியைத் தந்தார்கள். அதன் முகமூடியை முதல் வாரம் தூக்கத்திலேயே கழற்றி எறிந்தேன். வாய்வழியே காற்று கசிந்ததே காரணம். மூக்கோடு வாயையும் மூடும் முகமூடிக்கு மாறி, ஈரப்பதமூட்டியையும் பொருத்திய பின் தொண்டை வறட்சி நின்றது. இப்போது மாட்டுங்காவுக்கு முந்தைய நிலையமான தாதர் வந்ததுமே கதவருகே போய் நின்றுவிடுகிறேன்.